தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்

மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) இறங்கவில்லை என்றால், மருந்தின் பவர் போதவில்லை என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். 50 மைக்ரோகிராம் 75 ஆகிறது, அடுத்த முறை 100 ஆகிறது. அந்த மாத்திரையை எப்போது விழுங்கினார்கள், அதற்குப் பின் எவ்வளவு நேரம் கழித்து என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பார் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் நான் கவனித்தவரை, சிக்கல் பெரும்பாலும் மாத்திரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதபோது அந்தக் குறையை நிரப்புவது லெவோதைராக்ஸின் என்ற மாத்திரை. இதன் அளவு மைக்ரோகிராமில், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கணக்கிடப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினாலும் 60 முதல் 80 சதவீதம் வரைதான் ரத்தத்தில் சேரும். இவ்வளவு நுட்பமான அளவில் வேலை செய்யும் மருந்தோடு ஒரு டம்ளர் காபி சேர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி, டீ, பால் எதுவும் வேண்டாம். டீயில் சர்க்கரை போடவில்லை, அதனால் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இங்கே சர்க்கரைக்கு வேலையே இல்லை.

நம் பக்கத்துக் காலை உணவான ராகிக் கூழையும் களியையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு, நார்ச்சத்தும் அதிகம். இரண்டுமே இந்த மருந்து குடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. அதற்காக ராகியைக் கைவிடச் சொல்வது தவறான அறிவுரை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் தொடவே கூடாது என்று பயமுறுத்துவதையும் நம்ப வேண்டியதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் இவற்றைச் சமைத்து அளவோடு உண்ணலாம்.

சாப்பாட்டைவிடப் பெரிய இடைஞ்சல் மற்ற மாத்திரைகள். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்துகள் ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. அது நல்ல காரியம். ஆனால் வயதானவர்கள் எல்லா மாத்திரைகளையும் ஒரே கையில் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் தனியே பிரித்து வைக்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தினமும் ‘கேஸ் மாத்திரை’ சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும்; அமிலம் குறைந்தால் இந்த மருந்து சரியாகக் கரையாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். முதல் சில மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. கருவுற்ற நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே தேவை கூடத் தொடங்கும். பலருக்கு முன்பு சாப்பிட்டதைவிடக் கால் பங்கோ அதற்கு மேலோ கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பக் காலத்தின் முதல் பாதியில் சுமார் 4 வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்க்க வேண்டியிருக்கும். ‘கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது’ என்று யாராவது பெரியவர் சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு அளவைப் பழையபடி குறைக்க வேண்டி வரும். அதையும் மருத்துவரே சொல்லட்டும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்குக் ‘காலை வெறும் வயிற்றில்’ என்ற அறிவுரை பொருந்துவதே இல்லை. இரவுப் பணி முடிந்து வருகிறவருக்குக் காலை எது, இரவு எது? கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, தூங்கப் போகும் முன் விழுங்கலாம். காலையில் சாப்பிடுவதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மருத்துவரிடம் சொல்லி ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதையே கடைப்பிடிப்பதுதான் முக்கியம். விடியற்காலையில் பெங்களூருக்குப் பஸ் பிடிக்கிறவர்களுக்கும் இதே யோசனை உதவும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதே காரணத்தால்தான் அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பத்தே நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மாற்றமில்லையே என்று சோர்ந்துபோவதில் பயனில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு விழுங்குங்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் 2 நாள் முன்பே அதை நிறுத்தி, பரிசோதனைக் கூடத்திலும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அளவு பொய்யாகக் காட்டும்.

வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றுமே இந்த மருந்தைக் கெடுக்கும். அடுப்படி அலமாரியும் வெயிலில் நிற்கும் வண்டியும் இதற்கு இடமில்லை. வந்த பாட்டிலிலேயே மூடி வையுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் மருத்துவரிடம் தெரிவித்து, 6 வாரம் கழித்து ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அளவு கூடினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமின்றி எடை குறைதல் வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். நெஞ்சு வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பு இளைப்பதற்காக இதைச் சாப்பிடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் பாட்டிலிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. இத்தனை நாள் காபியோடு விழுங்கியதால் அளவைக் கூட்டிவிட்டார்கள், இப்போது முறையைத் திருத்திக்கொண்டீர்கள் என்றால், அதே 100 மைக்ரோகிராம் உங்களுக்கு அதிகமாகிவிடலாம். திருத்திய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை பாட்டிலையும், எத்தனை மணிக்கு விழுங்கினேன், எத்தனை மணிக்குக் காபி, என்னென்ன மற்ற மாத்திரை என்று ஒரு வாரத்துக்குக் குறித்த தாளையும் கொண்டுபோங்கள்.