சார்ஜ் வந்தால் சுமையைத் தேடுங்கள்

பல வருஷங்களுக்கு முன் எங்கள் மொழிபெயர்ப்புக் கடைக்கு ஒரு கிரயப் பத்திர வரைவு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆங்கிலத்தில் அனுப்பியது. வீட்டை வாங்கப்போகும் அப்பாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் மொழிபெயர்த்து வைத்திருந்ததை நான் முன்கூட்டிப் பார்க்காமலே வாசித்தேன். "மேற்படி வீடு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுபட்டது." பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வீடு என்னம்மா குத்தம் பண்ணுச்சு?"

மூலத்தில் இருந்த சொல் சார்ஜ். அங்கே வர வேண்டியது வில்லங்கம். "யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதும் அதே வரிதான். அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. படித்துப் பார்க்காமல் வாசித்தது நான்.

மதுரையில் நீதிமன்றப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். காலையில் வழக்குக் கட்டு, மதியம் ஆஸ்பத்திரிக் காகிதம், நடுவே யாராவது பள்ளிக்கூடப் பாடக் குறிப்பைக் கொண்டுவருவார்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் வேலை கற்றவர்களை அதிகம் வழுக்கி விழச் செய்தது பெரிய லத்தீன் சொல் எதுவும் இல்லை, இந்தச் சார்ஜ்தான். பஸ் சார்ஜ், போன் சார்ஜ், லத்தி சார்ஜ், இன்சார்ஜ், சார்ஜ் ஷீட் என்று தினமும் வாயில் புழங்குகிற சொல்லுக்கு யார் அகராதியைத் திறப்பார்கள்? அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேரைத் தெரிந்துகொள்ளுங்கள். லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதே குடும்பம். ஆக அடியில் இருப்பது சுமை. துப்பாக்கியில் மருந்து ஏற்றினால் அது சார்ஜ். 1740களின் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்துச் சோதனை செய்தபோது, அதே சொல்லை மின்சாரத்துக்கும் எடுத்துக்கொண்டார். பல ஜாடிகளைச் சேர்த்து வைத்ததற்கு, பீரங்கி வரிசையைக் குறிக்கும் பேட்டரி என்ற சொல்லையே பெயராக வைத்தார்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழும் இதே சுமையைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறது. குற்றம் சுமத்துகிறோம். பொறுப்பு என்பதே பொறுத்தல், அதாவது தாங்குதல் என்பதிலிருந்து வந்ததுதான். மின்சாரத்தை ஏற்றுகிறோம். எனவே சார்ஜ் எதிர்ப்பட்டதும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: யார் தலையில், எது ஏற்றப்படுகிறது? ஆள் தலையில் குற்றமா, வேலையா, பணமா? சொத்தின் தலையில் கடனா? பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். சார்ஜுக்குப் பின்னால் ஃபார் வந்தால் பெரும்பாலும் கட்டணம். ஆள் மேல் வித் வந்தால் குற்றம். சொத்தைப் பற்றிய பேச்சில் ஆன் வந்தால் கடன் பொறுப்பு. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு பேசுவது இதைத்தான். ஜீவனாம்சத்துக்குச் சொத்தைப் பொறுப்பாக்கினால் அதுவும் இந்த வகை. அட் வந்தால் பாய்ச்சல். வால்பாறை, மசினகுடி பக்கம் யானை மாக் சார்ஜ் செய்ததாக எழுதுவார்களே, அது யானை மிரட்டுவதற்காக ஓடிவந்து பாதியில் நின்றுவிடுவது. பொய்ப் பாய்ச்சல் என்று எழுதினால் போதும். 'போலிக் கட்டணம்' என்று ஒருமுறை கணினி எடுத்துக் கொடுத்தது, அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பக்கத்துச் சொல்லில் ஒரு பொறியும் இருக்கிறது. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் ஒருவர் பொறுப்பில் இன்னொன்று இருக்கிறது. நடுவில் ஒரு 'த' சேர்ந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால் தலைகீழ்: அவர் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறார். குழந்தை யாரிடம் வளர்கிறது என்ற வழக்கில் இந்த ஒற்றை எழுத்தை விட்டால் பாட்டியைப் பேத்தி வளர்த்ததாக ஆகிவிடும். வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் விழுவது இங்கேதான்.

இனி நீதிமன்றம். இங்கே அவசரமே கூடாது. ஒருவர் மேல் புகாராகச் சொல்வது ஒன்று, விசாரணையை முடித்துக் காவல்துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை ஒன்று, அதையெல்லாம் படித்துவிட்டு நீதிபதி இன்ன குற்றத்துக்கு உன்னை விசாரிக்கப்போகிறேன் என்று எழுத்தில் வைப்பது இன்னொன்று. செய்தித்தாளில் மூன்றுக்கும் குற்றச்சாட்டு என்றே போட்டுவிடுகிறார்கள். மூன்றாவதற்கு நம் நீதிமன்றத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: குற்றச்சாட்டு வனைதல். பானை வனைவது போல. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறின. ஆனால் இந்த வரிசை மாறவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானதையே 'குற்றச்சாட்டு வனையப்பட்டது' என்று எழுதிவிட்டால், வழக்கு இன்னும் எட்டாத ஒரு படியைத் தாண்டிவிட்டதாகப் படிப்பவர் நினைப்பார்.

சார்ஜின் தம்பி டிஸ்சார்ஜ். ஏற்றிய சுமையை இறக்குவது. வனைவதற்கு முன்பே, இவரை விசாரிக்கப் போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிபதி அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. விசாரணை நடந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் விடுதலை. விடுவிக்கப்பட்டவர் மேல் புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்ப வரலாம். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. இரண்டுக்கும் விடுதலை என்றே போட்டுத் தந்தால், கட்சிக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

அதே டிஸ்சார்ஜ் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரே வரியில் இரண்டு தடவை வரும். காயத்தில் டிஸ்சார்ஜ் இல்லை, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். பின்னது வீட்டுக்கு அனுப்புவது. முன்னதைப் பலர் சீழ் என்று எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். நீராகவோ ரத்தமாகவோகூட வடியலாம். சீழ் என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. கசிவு என்று விடுங்கள். மேட்டூர் அணைச் செய்தியில் டிஸ்சார்ஜ் என்றால் நீர் வெளியேற்றம், அது கனஅடியில் வரும், குழப்பமே இல்லை.

அலுவலகக் கடிதங்கள் சுலபம். கூடுதல் பொறுப்பு, பொறுப்பு ஒப்படைப்பு எல்லாம் நாமே தினம் பார்ப்பவை. சார்ஜ் மெமோ மட்டும் பொறுப்புப் பக்கம் சேராது, அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண்ணை வைத்து '17பி வாங்கிட்டார்' என்று அரசு ஊழியர்கள் சொல்வது அதைத்தான். பட்ஜெட்டில் தொகுப்பு நிதியின் மேல் சார்ஜ் ஆன செலவு என்று வரும். நீதிபதிகள் சம்பளம் போல, அவையில் ஓட்டெடுப்பு இல்லாமல் தரப்படும் பணம். இதற்கு ஒற்றைச் சொல்லைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் விளக்கியே எழுதிவிடுவேன்.

பௌதிகம்தான் எனக்குக் கடைசியில் பிடிபட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் சார்ஜ் மின்னூட்டம், அலகு கூலூம். இலங்கைப் பாடநூலில் அது ஏற்றம். நம் எதிர்மின்னூட்டம் அவர்களுக்கு மறையேற்றம். வேலை யாருக்கு என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்புறம் போன். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று பேட்டரியில் போட்டிருந்தால் 5 ஆம்பியர் ஒரு மணி நேரம், அதாவது 3600 விநாடி ஓடும் என்று கணக்கு: 18,000 கூலூம். ஆனால் சார்ஜ் போடும்போது பேட்டரிக்குள் அத்தனை மின்னூட்டம் சேர்ந்துவிடுவதில்லை. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் நுழைகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியே போகிறது. சேருவது வேதி ஆற்றல். அதனால் போன் கையேட்டில் மின்னூட்டம் என்று எழுதினால் பௌதிக வாத்தியார் சிவப்பு மை போடுவார். மின்னேற்றம் என்றால் விட்டுவிடுவார். வீட்டில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை, "சார்ஜ் போடு" என்கிறோம். சாதாரணக் கையேட்டில் நானும் அப்படியே விடுகிறேன். கரண்ட் பில்லில் வரும் ஃபிக்ஸட் சார்ஜுக்கு மட்டும் நிலைக்கட்டணம். மின்சாரத்தைப் பார்த்ததும் கை மின்னூட்டத்துக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஓர் ஆசிரியை அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பக்க நகைச்சுவைத் துணுக்கு கொண்டுவந்தார். மின்னூட்டமே இல்லாத அணுத்துகளான நியூட்ரான் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பில் கேட்கிறதாம், 'நோ சார்ஜ்' என்று பதில் வருகிறதாம். மின்னூட்டம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், கட்டணம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் செத்துப்போனது. சாயங்காலம் எதிர்க் கடையில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து இப்படி எழுதிக் கொடுத்தேன்: "உங்களுக்கு ஏது சார் சார்ஜ்?" என்றார் சர்வர்.