உதிரப்போக்கு அதிகமா? கணக்கு எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். என் மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெண்ணும் உண்டு, பேரன் எடுத்த அம்மாவும் உண்டு. பீரியட்ஸ் பேச்சு எங்களுக்குள் புதிதில்லை. ஆனால் “எனக்கு ரொம்பப் போகுதுங்க்கா” என்று ஒருத்தி சொன்னால், “எல்லாருக்கும் அப்படித்தான் அம்மிணி, ரெண்டு நாள் பொறுத்துக்கோ” என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை நான் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாருக்கும் அப்படி இல்லை. எது அதிகம் என்று சொல்ல அளவு இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுசாக நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே ஆனால் அதிகம். ஏழு நாளைத் தாண்டினால் அதிகம். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக்கட்டி விழுந்தால் அதிகம். இரண்டு பேடு சேர்த்து வைக்காமல் வெளியே போக முடியவில்லை, ராத்திரி எழுந்து மாற்றாமல் விடிவதில்லை என்றாலும் அதிகம்தான். புத்தகக் கணக்குப்படி ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு. வீட்டில் யார் மில்லி அளப்பார்கள்? மென்ஸ்ட்ருவல் கப் வைப்பவர்கள் மட்டும் அதிலுள்ள கோட்டைப் பார்த்துச் சொல்லலாம். டாக்டர்களும் இப்போது மில்லியைவிட, அந்த நாட்களில் உங்கள் வேலை, தூக்கம், போக்குவரத்து கெடுகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. எங்கள் லைனில் ஒரு பெண் டிபன் பாக்ஸ் மூடியில் பச்சரிசி வைத்துக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பாள். கேட்டால் “வாய் கேக்குதுங்க்கா” என்பாள். அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று இப்படி எதையாவது தின்னத் தோன்றுவது உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனதைக் காட்டலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, நெஞ்சு படபடப்பு எல்லாவற்றையும் “வேலை அலுப்பு” என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, முதல் வேலை எழுதி வைப்பது. பெரிய நோட்டு எதுவும் வேண்டாம். எங்கள் சமையலறையில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே நான் எழுதுகிறேன். முழுசாக நனைந்த பேடுக்கு ஒரு கோடு. பாதி நனைந்து மாற்றினால் ஒரு புள்ளி. கட்டி விழுந்தால் ஒரு வட்டம். ராத்திரி எழுந்து மாற்றினால் ‘ரா’ என்று ஓர் எழுத்து. மோசமான மாதத்தில் இரண்டாம் நாள் கட்டத்தில் கோடுகளுக்கு இடம் போதாமல், ராகுகாலம் அச்சடித்த எழுத்தின் மேலேயே ஏறிப்போயிருக்கும். டாக்டரிடம் அந்தக் காலண்டரைப் போனில் படம் எடுத்துக் காட்டினேன். “ரொம்பப் போகுதுங்க டாக்டர்” என்று சொன்னால் அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். படத்தைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஒவ்வொரு கட்டமாகக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு மூன்று மாதக் கணக்கு இருந்தால் நல்லது. ஆனால் உடம்பு தாங்கவில்லை என்றால் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம், இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்.

அதுவரை அந்த நாட்களைக் கடத்த வேண்டுமே. படுக்கையில், குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டை விரித்து மேலே பழைய துண்டு போட்டுக்கொண்டால் கறை பயம் இல்லாமல் தூங்கலாம். கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் போகிறவர்கள் நனையும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். டீ டைம், சாப்பாடு, மறுபடி டீ டைம் என்று நான் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு முறை போக வேண்டியிருந்தால் சூப்பர்வைசரிடம் காலையிலேயே சொல்லிவிடுவேன். கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தரையில் கிடந்த துணி, மிஷின் எண்ணெயும் தூசியும் பட்டிருக்கும். துணிதான் பழக்கம் என்றால் நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உட்கார்ந்திருந்துவிட்டு வெடுக்கென்று எழுந்திருக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் போடக் கூடாது, அது ரத்தப்போக்கைக் கூட்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மணிக்கு ஒரு பேடு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், தலைசுற்றி விழுந்தால், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிதான். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உள்ள நேரத்தில் ரத்தம் போனாலும் அப்படியே. ஸ்கூட்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபத்து இல்லை, ஆனால் சந்தேகம் என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டுக் கறை பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். கோயில் விசேஷம், கல்யாணம் என்று தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையையும் சொல்லுங்கள். அது ஹார்மோன் மாத்திரை, நிறுத்தினதும் ரத்தப்போக்கு வரும். கருத்தடைக்குக் காப்பர் டி போட்டிருந்தால் சொல்லுங்கள், அதனாலும் கூடும். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே தொந்தரவு உண்டா என்பதையும் சொல்லுங்கள். வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமாகப் போகிற பெண்பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கலாம். வான் வில்லிபிரான்ட் நோய் அப்படிப்பட்டது, அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

பெரும்பாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது), தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை, அப்புறம் ஸ்கேன் எழுதுவார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல்தான் ஸ்கேன் செய்வார்கள், அதற்கு மூத்திரப்பை நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே கருவி விடுவார்கள் என்று பயந்தே பல பிள்ளைகள் வருவதில்லை. 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் அது, தட்டிக் கழிக்காதீர்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பல்க்கி யூட்டரஸ்’ என்று இருந்தால் கலங்க வேண்டாம். கர்ப்பப்பை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எனக்கும் அதுதான் வந்தது. காரணம் அடினோமயோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்பூச்சாக இருக்க வேண்டிய சவ்வு, சுவரிலுள்ள தசைக்குள்ளேயே வளர்ந்துவிடுவது. வேறு சிலருக்கு ஃபைப்ராய்டு, அதாவது நார்க்கட்டி. அநேகமாக எல்லா நார்க்கட்டியும் புற்றுநோய் இல்லாததுதான். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தொந்தரவு. உட்சவ்வை ஒட்டி இருந்தால் சின்னதே நிறைய ரத்தத்தைக் கொட்ட வைக்கும்.

ஒரு தனியார் கிளினிக்கில் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “குழந்தை பெத்தாச்சுல்ல, எடுத்துப் போட்டுடலாம்மா” என்றார்கள். நான் வேறு டாக்டரிடம் போனேன். கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்னால் எத்தனையோ படிகள் இருக்கின்றன. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடுவது, ஹார்மோன் கிடையாது, உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் பிடித்து வைக்கும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு இருப்பவர்களுக்கு ஆகாது, அதனால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. மிரெனா போன்ற ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். பார்க்கக் காப்பர் டி மாதிரியேதான் இருக்கும், ஆனால் வேலை நேர் எதிர். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டு உட்சவ்வை மெலிய வைக்கும், ஐந்து வருஷம் வரும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகக் கறை பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். நார்க்கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைப்பது போன்ற வழிகளும் உண்டு.

2019-இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கரும்பு வெட்டப் போகும் பெண்கள், லீவு போட்டால் கூலி போகும், அபராதம் விழும் என்று சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். கூலி வேலை செய்கிற நமக்கும் அந்த நெருக்கடி தெரியும். ஆபரேஷன் சொன்னால் கேளுங்கள்: “என்ன காரணம்? மருந்தில் முயற்சி செய்ய முடியாதா? சினைப்பையையும் எடுப்பீர்களா?” மாதவிடாய் நிற்கும் முன்பே சினைப்பை இரண்டையும் எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். எல்லாம் பார்த்த பிறகும் ஆபரேஷன்தான் வழி என்றால் தயங்காதீர்கள். என் சின்னம்மா செய்துகொண்டு தெம்பாக இருக்கிறார்.

ரத்தப்போக்கை நிறுத்துவது பாதி வேலைதான், போன ரத்தம் திரும்ப ஊற வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அவ்வளவு இழந்த உடம்புக்கு அது மட்டும் காணாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். டீயோடு போட்டால் வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட்டு, எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லலாம், அல்லது நரம்பில் டிரிப்பாக ஏற்றலாம். ஹீமோகுளோபின் 12 ஆன பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

கம்பெனியில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் ஆகிறவர்களுக்கு ஸ்கேன், மருந்து, ஆபரேஷன் எல்லாம் அதிலேயே உண்டு. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை செய்து பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வீட்டில் படுத்துவிட்டால் இந்தப் பணம் கிடைக்காது, அதனால் முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். அது திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, காலையிலேயே பர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கார்டோடு ஆதார் நகலும் பையில் இருக்கட்டும்.