ஓவிய மாணவர்களுக்கு இடவடிவமைப்பு: வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம்

ஓவியம் பயில்பவர்களிடம் ஒரு கட்டடத்தைக் காட்டினால் முதலில் அதன் முகப்பைத்தான் வரைவார்கள். கை நன்றாகவே ஓடும். ஆனால் உள்ளே நிற்கும் ஆளின் உயரமும் சன்னல் வழியே விழும் வெயிலும் அந்தப் படத்தில் இருக்காது. ஆகவே பெர்ஸ்பெக்டிவில் (தூரம் போகப் போகச் சிறிதாகத் தெரியும்படி வரைவது) தொடங்காமல், அவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையையே அளந்து 1:20 மாதிரி (நிஜத்தில் 20 செ.மீ. இருப்பது இதில் 1 செ.மீ.) செய்யச் சொல்லுங்கள். நான்கு பேர் குழுவுக்கு மூன்று மணி நேர வகுப்பு இரண்டு தேவைப்படும்.

அளவு எடுக்கும்போது டேப்பை ஒரு மூலையிலேயே பிடித்து, சன்னல், தூண், கதவு எல்லாவற்றையும் அதே மூலையிலிருந்து குறிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். இரண்டு மூலைவிட்டங்களையும் கட்டாயம் அளக்க வேண்டும். பழைய கட்டடங்களில் அவை சமமாக இருப்பது அரிது.

அடுத்து, பிளானுக்கு (மேலிருந்து பார்க்கும் தரைப்படம்) முன்பே செக்‌ஷன். அதாவது அறையைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படம். அதைச் சன்னலை வெட்டிச் செல்லும் கோட்டில் வரைந்து, 8 செ.மீ. உயரத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். இந்த ஒரு படத்தில்தான் அறை அவர்களுக்குப் பிடிபடும். இதற்கு மட்டும் அவசரம் காட்டாதீர்கள்.

ஒன்பது அங்குலச் சுவர் மாதிரியில் 11.5 மி.மீ. வரும். 5 மி.மீ. ஃபோம் போர்டு (நடுவில் நுரை வைத்த அட்டை) இரண்டை ஒட்டினால் ஏறக்குறைய சரி. மெல்லிய அட்டையில் செய்தால் சன்னலின் ஆழம் போய், நிழல் பொய்யாகிவிடும். ஒரே அழுத்தில் வெட்டினால் நுரை கிழியும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று நான்கு முறை மெதுவாக ஓட்டவும். ஃபெவிகால் போதும். கரைப்பான் கலந்த ரப்பர் பசை நுரையைத் தின்றுவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது மூலையில்தான். நான்கு சுவரையும் உள்ளளவுக்கே வெட்டிவிடுவார்கள். எதிரெதிர்ச் சுவர் இரண்டுக்கும் நீளத்தில் தலா 2 செ.மீ. கூட்டாவிட்டால், நிஜ அறையில் 40 செ.மீ. காணாமல் போகும்.

கூரையைப் போட்டு, வடக்கைக் குறித்துவிட்டு, இருட்டில் டார்ச் அடியுங்கள். சென்னைக்கு டிசம்பர் 21 நண்பகல் என்றால் டார்ச் மாதிரியிலிருந்து தெற்கே 1.2 மீ. தள்ளி, 1.6 மீ. உயரத்தில் இருக்கட்டும். ஜூன் 21க்கு வடக்கே 35 செ.மீ. தள்ளி, கிட்டத்தட்ட 2 மீ. உயரத்தில். கோடையில் உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்வதைப் பார்த்ததும், வடக்குச் சன்னலுக்கு எதற்கு வெயில்மறைப்பு என்ற கேள்வி தானாகவே அடங்கும். டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தால் கதிர்கள் விரிந்து நிழல் கோணிவிடும்.

ஒரு சுவரில் ஆளின் கண் மட்டமான 7.5 செ.மீ. உயரத்தில் துளையிட்டு, செல்போன் லென்ஸை அதில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு சன்னலை மட்டும் மாற்றி, அதே துளையிலிருந்து மறுபடி ஒரு படம். மதிப்பெண்ணை இந்த இரண்டு படங்களுக்கே கொடுங்கள். மாதிரியை மேலிருந்து எடுத்த படத்தை ஏற்க வேண்டாம்.