அரைப் பருவ சியர் டீம்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியர்லீடிங் என்பது பாட்டுக்கு நடனம், கரணம், ஒருவரை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவது எல்லாம் சேர்ந்த குழு விளையாட்டு. வருஷம் முழுக்க அந்த டீம் நடத்த முடியாத இடங்களுக்கு அரைப் பருவ டீம் மிக நல்ல வழி. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் நடன வகுப்பு நடத்துகிறவர்களோ பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களோ இதைத் தொடங்க நினைத்தால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். அதே நேரம், இதில் நடக்கும் தவறுகள் பிள்ளைகளின் கழுத்திலும் மணிக்கட்டிலும் போய் முடியக்கூடியவை. அதனால் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

அரைப் பருவம் என்றால் என்ன? அமெரிக்காவில் பாடசாலையோடு சேராத கிளப் டீம்களுக்கு முழுப் பருவம் மே, ஜூனில் ஆள் தெரிவோடு தொடங்கும். நவம்பரில் போட்டிகள் ஆரம்பித்து அடுத்த ஏப்ரல், மே வரை போகும். அரைப் பருவ டீம் ஒக்டோபர், நவம்பர் வாக்கில் சேர்ந்து, புது வருஷம் பிறந்த பிறகு சில போட்டிகளுக்கு மட்டும் போகும். செலவு குறைவு. வலைப்பந்து, ஓட்டம் என்று மற்ற விளையாட்டில் இருக்கும் பிள்ளையும் சேரலாம். இதுவரை ஒரு கரணம்கூடப் போடாத பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும். குறையும் இல்லாமல் இல்லை. பயிற்சி நேரம் போதாது, மேடை அனுபவம் கொஞ்சம்தான், மேலே நிற்பவளும் கீழே தாங்குபவர்களும் ஒருவரை ஒருவர் நம்பிப் பழகக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஓர்லாண்டோவில் ஏப்ரல் கடைசியில் நடக்கும் உலகப் போட்டி மாதிரியான கனவுக்கு இது பாதை இல்லை. அங்கே போகும் இடத்தைப் பருவம் முழுக்க நடக்கும் போட்டிகளில்தான் வெல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு அரைப் பருவம்தான் பொருத்தம் என்பது என் முடிவு. மழையும் பரீட்சையும் தேயிலைத் தோட்டத்து வேலையும் வருஷத்தை ஏற்கெனவே துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. ஆனால் பருவத்தைப் பாதியாக்கும்போது ரூட்டினின் (போட்டியில் ஆடிக் காட்டும் முழு ஆட்டத்தின்) கடினத்தைக் குறைக்க வேண்டும். பலர் அதை அப்படியே வைத்துக்கொண்டு, படிப்படியான பயிற்சியைத்தான் குறைக்கிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

நாட்காட்டியை வெளிநாட்டிலிருந்து எடுப்பது

நவம்பரில் தொடங்க வேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. இங்கே மழையைப் பார்த்துத்தான் பருவத்தைத் தீர்மானிக்க வேண்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா இருக்கும் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்தப் பக்கத்துக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரைதான் தோதான காலம். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே வடகீழ்ப் பருவமழை நவம்பர், டிசம்பர், ஜனவரியில் நனைக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வெயிலும் காற்றுமாக இருக்கும். ஹட்டன் டீம் செய்கிறது என்று பதுளைக்காரர்களும் ஜனவரியில் தொடங்கினால் முதல் மாதம் மழைக்கே போய்விடும்.

ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இரண்டு பக்கமும் இடி மழை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, அந்த மாதங்களில் பிள்ளைகளைப் பொழுது சாயும் வரை வைத்திருந்து சரிவுப் பாதையில் நடக்க விடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் என்று 15 வாரத்துக்கு 30 வகுப்பு. பொங்கல், இல்ல விளையாட்டுப் போட்டி, தவணைப் பரீட்சை, மழை எல்லாவற்றையும் கழித்தால் 20 மிஞ்சினாலே பெரிய விஷயம். ரூட்டினை அந்த 20ஐ வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

படிகளைத் தாண்டுவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் அரைப்பேர் (அரை நாள் வேலைக் கணக்கு) விழுந்தால் அரைச் சம்பளம்தான். ஆனால் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்வலி முழு வலி. அரைப் பருவமும் அப்படித்தான்: பருவம் பாதி, ஆபத்து முழுசு. உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்கு, தான் எத்தனை மாதம் பயிற்சி எடுத்தோம் என்பது தரையில் உதவாது.

கிளப் சியரில் ஏழு லெவல்கள் இருக்கின்றன. லெவல் 1இல் இரண்டு காலில் நிற்கும் ஃப்ளையரை, அதாவது மேலே ஏறும் பிள்ளையை, தோள் உயரம் வரை தூக்கலாம். ஒற்றைக் காலில் நிற்பதென்றால் பொதுவாக இடுப்பு உயரம்தான். கையை முழுதாக நீட்டித் தலைக்கு மேலே தூக்குவது அந்த லெவலில் இல்லை. டம்ப்ளிங்கிலும், அதாவது தரையில் போடும் கரணங்களிலும், உருளல், கார்ட்வீல் (பக்கவாட்டுச் சக்கரக் கரணம்), ரவுண்ட் ஓஃப் (அதையே இரண்டு காலும் சேர்த்து முடிப்பது) மாதிரியானவற்றோடு சரி. புதிய பிள்ளைகளைக் கொண்ட அரைப் பருவ டீம் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உலகப் போட்டி வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆசை வரட்டும். ஆனால் அதில் ஆடுபவர்கள் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு லெவலாக ஏறி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு ஸ்டண்டுக்கு, அதாவது ஒருவரைத் தூக்கி நிறுத்தும் வித்தைக்கு, நான்கு பேர் வேண்டும். இரண்டு பக்கமும் தாங்கும் இரண்டு பேஸ், பின்னால் நிற்கும் பேக் ஸ்பொட், மேலே ஃப்ளையர். முதல் இரண்டு வாரம் யாரையும் தூக்க வேண்டாம். பேஸ்கள் முதுகை வளைக்காமல் காலால் உட்கார்ந்து எழும்பப் பழகட்டும். ஃப்ளையர் தரையிலேயே நின்று உடம்பை இறுக்கிப் பிடிக்கப் பழகட்டும். பேக் ஸ்பொட்டின் கண் ஃப்ளையரை விட்டு அகலாமலிருக்கப் பழகட்டும். அடுத்து தொடை மேல் நிற்பது. அது பத்துக்குப் பத்து முறை அசையாமல் வந்த பிறகுதான் தோள் உயரம். ஏறுவதைப் பழக்கும் அதே நாளில் இறங்குவதையும் பழக்க வேண்டும், ஏனென்றால் அவசரமாகக் கற்ற டீமில் இறங்கும் நேரம்தான் கை தவறுகிறது.

சின்னப் பிள்ளை, எடை குறைவு என்பதற்காக மட்டும் ஒருத்தியை ஃப்ளையர் ஆக்குவது இன்னொரு வழக்கமான தவறு. உடம்பைத் தொய்ய விடும் முப்பது கிலோ பிள்ளையைத் தூக்குவதைவிட, இறுக்கிப் பிடிக்கும் நாற்பது கிலோ பிள்ளையைத் தூக்குவது சுலபம். பயப்படும் பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. "நீதான் லேசா இருக்க, சாப்பாட்டைக் கொறச்சுக்கோ" என்று வளரும் பெண் பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாது. பாடசாலை விட்டு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டும் தேத்தண்ணியும் கொடுத்து, கொஞ்சம் நேரம் விட்டுப் பயிற்சியைத் தொடங்குவது கோச்சின் பொறுப்பு.

ஆண் பிள்ளைகளை ஒதுக்கவும் வேண்டாம். 1898இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இது தொடங்கியபோது கூட்டத்தை முழங்க வைத்தவர்கள் ஆண் மாணவர்கள். நல்ல பேஸ் ஆகக்கூடிய பையன்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

தரையைக் கவனிக்காமல் விடுவது

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் தெளிவாகவே சொன்னது: ஸ்பிரிங் அல்லது நுரைத் தளத்திலோ புல் தரையிலோ மட்டும்தான் ஸ்டண்ட் செய்ய வேண்டும். கடினமான, ஈரமான, மேடுபள்ளமான இடத்தில் கூடவே கூடாது. ஆள் மேல் ஆளாக நிற்கும் பிரமிட் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் மைதானங்களை இதோடு வைத்துப் பாருங்கள். பாதி சரிவு, மீதி ஈரம். காலை எட்டு மணிக்கும் புல்லில் பனி நிற்கும். பாடசாலை மண்டபமோ சீமெந்துத் தரை. ஆகவே மெத்தை இல்லாமல் ஸ்டண்ட் இல்லை என்பதை டீமின் முதல் விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. போட்டியில் ஆடும் தளம் 54 அடிக்கு 42 அடி. அவ்வளவு மெத்தை யாரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. ஒரு ஸ்டண்ட் குழு நிற்கும் அளவுக்கு நல்ல மெத்தை இருந்தால் குழுக்கள் முறை வைத்துப் பழகலாம். மற்ற இடத்தில் நடனமும் பாய்ச்சலும் பழகட்டும். வீட்டுப் படுக்கை மெத்தையைக் கொண்டுவந்து போடாதீர்கள். அதில் கால் புதைந்து கணுக்கால் மடங்கும்.

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடி ஆட விடக் கூடாது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எது இருந்தாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். அவர் எழுத்தில் சரி என்ற பிறகுதான் திரும்ப வரலாம். போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது என்பது காரணமே ஆகாது.

நகை விஷயம் பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு எதுவும் கூடாது. பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதையும் கிளப் சியர் விதிகள் ஏற்பதில்லை. கோயிலில் கட்டிய கயிறும் இன்னொருவரின் விரலில் மாட்டும் என்பதால் கழற்றத்தான் வேண்டும். காது இப்போதுதான் குத்திய பிள்ளை என்றால் ஆறும் வரை நடனப் பகுதியில் நிற்கட்டும். நீண்ட பின்னலைத் தொங்கவிடாமல் தூக்கிக் கட்ட வேண்டும். குட்டைப் பாவாடைக்குத் தயங்கும் குடும்பங்களோடு வாதாட வேண்டாம், முழு நீள டைட்ஸ் போட்டே அழகாக ஆடலாம்.

ரூட்டினை நிரப்பி வழிய விடுவது

முழு ரூட்டின் அதிகபட்சம் 2 நிமிடம் 30 செகண்ட். நிமிடத்துக்கு 144 தட்டு வேகத்தில் பாட்டு ஓடினால், எட்டுத் தட்டை ஒரு 'எட்டு எண்ணிக்கை' என்று கணக்கிட, அது 45 வரும். இரண்டு நிமிடம் என்றால் 36. புது டீமுக்கு அந்த 36 போதும், ஏற்பாட்டாளர்கள் அனுமதித்தால் அதைவிடக் குறைத்தாலும் நல்லது. நடுவர்கள் கடினத்துக்கும் புள்ளி போடுகிறார்கள், செய்த விதத்துக்கும் போடுகிறார்கள். விழுந்தால் கழிக்கிறார்கள். நடுங்கி நடுங்கித் தலைக்கு மேலே தூக்கிய ஸ்டண்டைவிட, எல்லாக் குழுவும் ஒரே எண்ணிக்கையில் தோள் உயரத்தில் நிறுத்தி, சிரித்தபடி இறக்கிய ஸ்டண்ட் நல்ல புள்ளி தரும். போட்டிக்கு முந்திய மூன்று வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

வராத நாளைக் கணக்கில் எடுக்காதது

நான்கில் ஒருத்தி வராவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் அன்று ஸ்டண்ட் இல்லை. முழுப் பருவத்தில் இதைச் சமாளிக்கலாம். 20 வகுப்பில் ஆறு போனால் டீமே ஆட்டம் காணும். இங்கே பிள்ளைகள் வராததற்குப் பெரும்பாலும் காரணம் முன்கூட்டியே தெரியும். மாசியில் காமன் கூத்து, பங்குனி, சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா, ஏப்ரலில் புத்தாண்டு. திருவிழாத் தேதி தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. பெயர் பதியும் அன்றே தோட்டத்தின் பெயரையும் திருவிழா நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருவிழாவைவிட டீம் முக்கியம் என்று பிள்ளையை இரண்டு பக்கமும் இழுப்பது நியாயமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் பழகிய மாற்று ஆள் ஒருத்தி இருந்தால் பிரச்சினை பாதி தீரும்.

காசு விஷயத்தில் சுருக்கமாக இரண்டு. உடை, சப்பாத்து, வேன், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுங்கள், நடுவில் புதுச் செலவு சொல்ல வேண்டாம். வசூலிக்கும் நாளைத் தோட்டத்துச் சம்பள நாளை ஒட்டி வையுங்கள். அம்மா கொழுந்தெடுத்துக் கொண்டுவரும் பணத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் வருகிறார்கள். கட்ட முடியாத பிள்ளையை எல்லோர் முன்னாலும் பெயர் வாசிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

போட்டி கொழும்பில் என்றால் அன்று விடியற்காலை வேன் ஏறாதீர்கள். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளை நான்கு மணி நேரம் கழித்து ஒருத்தியைத் தூக்க முடியாது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே, நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டரில். அந்தக் குளிரில் பழகிய உடம்பு கொழும்பு வெக்கையில் சீக்கிரம் சோரும், உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கும். முதல் நாளே இறங்கி, தண்ணீர் குடித்து, அங்கே ஒரு முறையாவது ரூட்டினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் கலைந்து போவது

அரைப் பருவத்தின் பெரிய குறை இதுதான். ஏப்ரலில் கை கொடுத்துப் பிரிந்தவர்கள் அடுத்த ஜனவரியில் மறுபடி தொடையில் நிற்பதிலிருந்து தொடங்குவார்கள். டீம் வளராது, பிள்ளைகளுக்கும் சலிக்கும். மழை மாதங்களில் ஸ்டண்ட் வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை மண்டபத்தில் கூடி, சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாக நிற்பது, பிளாங்க், பாய்ச்சல், கால் நீட்டல், எட்டு எண்ணிக்கையில் நடனம் செய்தால் போதும். தலைகீழாக நிற்பதை மெத்தையில் வைத்துக்கொண்டால், மற்றவை சீமெந்துத் தரையிலும் பெரிய ஆபத்தில்லாமல் செய்யக்கூடியவை. பாய்ச்சலுக்கு மட்டும் எல்லோரும் சப்பாத்து போட்டிருக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான பேக் ஸ்பொட்களையும் மாற்று ஆட்களையும் இந்தச் சனிக்கிழமைகளிலேயே அடையாளம் கண்டுவிடலாம். மழையிலும் ஒழுங்காக வருகிறவர்கள் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.