ஒரு நிமிடத்திலிருந்து 10 கிலோமீற்றர் வரை: யாழ்ப்பாணத்தில் ஓடப் பழகுவது

யாழ்ப்பாணத்தில் 'மரதன்' என்றால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் நடக்கும் வீதி ஓட்டம்தான் எங்களுக்கு நினைவு வரும். விசில் ஊதியதும் எல்லோரும் பிய்த்துக்கொண்டு ஓடுவோம். ஒரு கிலோமீற்றருக்குள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நிற்பார்கள். பிறகு வளர்ந்து, ஒருநாள் சப்பாத்து வாங்கிக்கொண்டு ஓடப் போகும்போதும் அதே ஓட்டம்தான் காலில் இருக்கிறது. அதே வேகத்தில் ஓடி, அதே இடத்தில் மூச்சு முட்டி, 'எனக்கு இது சரிவராது' என்று விட்டுவிடுகிறோம். நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தேன். 41 வயதில் திரும்பத் தொடங்கியபோதுதான், என் உடம்பில் ஒரு பிழையும் இல்லை, ஓடிய வேகம்தான் பிழை என்று விளங்கியது.

இப்போது நான்கு வருடமாக ஓடுகிறேன். இரண்டு 10 கிலோமீற்றர் போட்டியும் ஒரு அரை மரதனும் ஓடியிருக்கிறேன். 10 கிலோமீற்றருக்கு என் சிறந்த நேரம் 1 மணி 11 நிமிடம். வீடு, வேலை, இரண்டு பிள்ளைகள் என்று இருந்துகொண்டு எங்கள் ஊர் வெயிலில் பழகியதை, தொடங்குபவர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதய வருத்தம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஏதும் இருந்தாலோ, நடக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: நேரத்தைப் பிடியுங்கள்

சித்திரை தொடங்கி ஆவணி முடியும் வரை காலை 7 மணிக்கே முதுகு சுடும். அதனால் 5 மணிக்குப் புறப்பட்டு 6.15க்குள் வீடு திரும்பப் பாருங்கள். மாலையில் ஓடுவதென்றால் 5.30க்குப் பிறகு ஓடலாம். ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய தார் வீதி அப்போதும் வெக்கையைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நின்று குழி தெரியாது, பெரிய வீதிகளோடு நின்றுகொள்ளுங்கள். மார்கழியும் தையும்தான் ஓடுவதற்கு எங்கள் ஊரின் அருமையான மாதங்கள். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் எடுக்கும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முந்தி வரத் தொடங்குகிறது, அதே வேகத்துக்கு இதயம் முன்னைவிடக் குறைவாக அடிக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்கள், அங்கே 10 கிலோமீற்றர் சுலபமாக ஓடுபவர்கள்கூட, இங்கே மூன்றாவது கிலோமீற்றரில் நின்றுவிடுவது இதனால்தான். வந்து இறங்கிய முதல் கிழமை பாதித் தூரம் ஓடினாலே போதும்.

படி 2: சப்பாத்து

சப்பாத்தில் மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள். பெயர் போன கம்பனியின் அடையாளம் ஒட்டிய போலிச் சப்பாத்து ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கினேன். ஆறாவது கிழமையில் அடிப்பாகம் கழன்றது. அதற்குள் குதிக்கால் நோவும் வந்துவிட்டது. வாங்கப் போவதென்றால் மாலையில் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரம் கூடும்போது நகம் கறுக்கும். ஒரு நல்ல சோடி 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும்.

உடுப்பு பருத்தியாக இருந்தால் வியர்வையில் நனைந்து பாரமாகும், உரசும். மெல்லிய செயற்கை நூல் ரீசேர்ட் நல்லது. விடியற்காலை இருட்டு, அதனால் வெளிர் நிறம். தொடை, அக்குள் உரசும் இடங்களில் வாசலீன் பூசுங்கள்.

படி 3: முதல் பத்துக் கிழமை

இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கிழமையில் மூன்று நாள் போதும், இடையில் ஒருநாளாவது விடுங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நான் வைத்திருந்தேன். முதலில் 5 நிமிடம் விறுவிறு என்று நடவுங்கள். பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. கடைசியில் 5 நிமிடம் நடந்து முடியுங்கள். இரண்டு கிழமை இதையே செய்யுங்கள். மூன்றாம் கிழமை 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. ஐந்தாம் கிழமை அளவில் 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. ஏழாம், எட்டாம் கிழமைகளில் 10 நிமிடம் நிற்காமல் ஓடி, 1 நிமிடம் நடந்து, திரும்ப 10 நிமிடம். பத்தாம் கிழமையில் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள். ஒரு கிழமை கஷ்டமாக இருந்தால் அதையே மறுகிழமையும் செய்யுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, எந்த வேகம்? பக்கத்தில் ஓடும் ஆளோடு மீன் விலையைப் பற்றி முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. என் முதல் மாத வேகம் கிலோமீற்றருக்கு 9 நிமிடம். சைக்கிளில் போகும் பால்காரர் மட்டுமில்லை, வேகமாக நடப்பவர்களும் ஏறக்குறைய என்னோடு கூட வந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தைத் தாங்கிக்கொண்டதால்தான் இன்றுவரை ஓடுகிறேன்.

மெல்ல ஓடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சும் இதயமும் சில கிழமைகளிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்கில் எடுக்கும். ஆறாம், ஏழாம் கிழமையில் 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும், கால் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்காது. எனக்கு அப்படித்தான் நடந்தது. ஏழாம் கிழமையில் உற்சாகம் தாங்காமல் நான்கு நாள் தொடர்ந்து ஓடினேன். ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது கணைக்காலின் முன்னெலும்பு நெடுக நோவு. மூன்று கிழமை ஓட்டமே இல்லை. நோவு எலும்பு நீளத்துக்குப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் ஓய்வில் மாறும். ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நொந்தால், இரவிலும் நொந்தால், எலும்பில் நுண்ணிய வெடிப்பாக இருக்கலாம். ஓடுவதை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

படி 4: எங்கே ஓடுவது

முதல் மாதம் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூட மைதானமோ கோயில் வீதியோ நல்லது. மண் தரை காலுக்கு இதம், நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கொஞ்சம் பழகிய பிறகு முற்றவெளிப் பக்கம் வாருங்கள். கோட்டையைப் பார்த்துக்கொண்டு ஓடி, அப்படியே தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்துக்குப் போகலாம். இரண்டு பக்கமும் கடல், விடியும்போது மீன் பிடிக்கக் கடலில் நட்டு வைத்த களங்கட்டிகளுக்கு நடுவில் மீன்பிடி வள்ளங்கள் அசையும். என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எல்லாம் அங்கேதான்.

பண்ணையில் ஓடுபவர்கள் காற்றை அறிந்திருக்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. தீவுப் பக்கம் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அது நல்லது, களைத்த பிறகு உதவி கிடைக்கும். மார்கழி, தையில் வாடைக்காற்று, எல்லாம் மாறிவிடும். போகும்போது பறப்பதுபோல இருக்கும், அந்தச் சந்தோசத்தில் தூரம் போய்விட்டால் திரும்பும் வழி முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டு. வாடை வீசும் நாளில் நினைத்த இடத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். காற்றுக்கு எதிராக ஓடும்போது மணிக்கூட்டில் வேகத்தைப் பார்க்கவும் வேண்டாம், மூச்சைக் கவனித்தால் போதும்.

மேடு பள்ளம் இல்லாத ஊர் ஓடச் சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. முழுத் தூரமும் ஒரே தசை ஒரே மாதிரி வேலை செய்வதால் அதுவே சீக்கிரம் நோகும். கிழமையில் ஒருநாள் தரையை மாற்றுங்கள். விடுமுறை நாளில் காரைநகர் கசூரினாக் கடற்கரையின் ஈர மணலில் 15 நிமிடம் ஓடினால் கெண்டைக்காலுக்கு மலை ஏறியது போலிருக்கும்.

வீதியில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். விடியற்காலை பஸ்களும் மரக்கறி ஏற்றிய வாகனங்களும் வேகமாக வரும். காதில் பாட்டு வேண்டாம்.

நாய்கள். ஒழுங்கைகளில் அதிகாலையில் கூட்டமாக நிற்கும். ஓடுவதை உடனே நிறுத்தி நடவுங்கள், முதுகு காட்டாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். நெருங்கி வந்தால் குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டினால் பெரும்பாலும் விலகும். கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் பார்ப்பார்கள், கேட்பார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் முற்றம் கூட்டும் அம்மா ஒருவர், முதல் நாள் என்னை மறித்து, "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ? இப்பிடி ஓடுறாய்?" என்று பதறிப்போய்க் கேட்டார். விளக்கிச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து நான் வரும் நேரத்துக்குக் கேற் லைற்றைப் போட்டு வைக்கத் தொடங்கினார். முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வயது போய்விட்டது என்று யாராவது சொன்னால் முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்லுங்கள். 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் ஓடித் தங்கம் எடுத்து வந்தவர். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

படி 5: தண்ணீரும் சாப்பாடும்

எழும்பியதும் ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கதலி வாழைப்பழம், விருப்பமென்றால் பிளேன்ரீ. 45 நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு அது போதும். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் கையில் தண்ணீர் வேண்டும், வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி எனக்குச் சரியாக இருக்கிறது. தாகத்துக்குக் குடியுங்கள், தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே ஆபத்தாகும். திரும்பி வந்ததும் புட்டு, முட்டை, பருப்பு என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் நான் நடையோடு நிறுத்திக்கொள்வேன்.

தலை சுற்றி, உடல் சில்லிட்டு, கதை தடுமாறினால் அது வெப்பம் தாக்கும் அறிகுறி. நிழலுக்குப் போய், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, ஆளைக் கூப்பிடுங்கள். ஓடி முடிக்கப் பார்க்காதீர்கள்.

படி 6: 10 கிலோமீற்றரும் முதல் போட்டியும்

30 நிமிடம் நிற்காமல் ஓட வந்த பிறகு, ஞாயிறு ஓட்டத்தை மட்டும் கிழமைக்கு 5 நிமிடம் நீட்டுங்கள். நான்காவது கிழமையில் குறைத்துவிட்டுத் திரும்பக் கூட்டுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் 9 கிலோமீற்றர் வரை வந்துவிட்டால் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. பிறகு 1921 இல் அதையே நிலையான தூரமாக்கினார்கள். அதற்கு அவசரம் வேண்டாம், 10 கிலோமீற்றரே தொடங்குபவருக்குப் பெரிய விசயம்.

என் முதல் போட்டி கொழும்பில். லீவு போதாததால் முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறி, விடியப் போய் இறங்கி, நேரே தொடக்கக் கோட்டுக்குப் போனேன். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் மடக்கி வைத்த கால், நித்திரையும் இல்லை. அதற்கு மேல், வெடி வெடித்ததும் பள்ளிக்கூட நாள் திரும்பிவிட்டது. முதல் கிலோமீற்றர் 6 நிமிடத்தில் போனது, பயிற்சியில் நான் ஓடியது 7 நிமிடத்துக்கு மேல். ஆறாவது கிலோமீற்றரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். 1 மணி 19 நிமிடத்தில் முடித்தேன், முடித்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருடம் ஒருநாள் முன்னதாகவே போய்த் தங்கினேன். புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு எதுவும் இல்லை. கூட்டத்தின் கடைசிப் பகுதியில் நின்றேன். முதல் 3 கிலோமீற்றர் எல்லோரும் தாண்டிப் போக விட்டுவிட்டு, பண்ணையில் ஓடுவது போல மெல்ல ஓடினேன். 7 ஆவது கிலோமீற்றருக்குப் பிறகு, தாண்டிப் போனவர்களில் பலரைத் திரும்பச் சந்தித்தேன். 1 மணி 11 நிமிடம். நீங்களும் முதல் பங்கை மனம் விரும்புவதைவிட மெல்ல, நடுப்பங்கைப் பழகிய வேகத்தில், கடைசி 2 கிலோமீற்றரை மீதமிருப்பதைக் கொண்டு ஓடுங்கள். போட்டிக்கு முந்திய கிழமை வழக்கமான தூரத்தில் பாதி போதும்.

முடிந்ததும் உடனே உட்காராமல் 10 நிமிடம் நடவுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்கும்போது தொடை நோகும், அது வழமை. மூன்று நாள் ஓட்டம் வேண்டாம், மாலையில் கொஞ்சம் நடந்தால் போதும். நான்காம் நாள் 20 நிமிடம், கதைத்துக்கொண்டு ஓடும் வேகத்தில், வீட்டு ஒழுங்கையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.