கப்பல் தச்சு பழகுபவன் தவிர்க்க வேண்டிய தவறுகள்: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து

டெப்ட்ஃபர்ட், வூலிச், சாத்தம் ஆகிய அரச கப்பல் கட்டும் தளங்களில் மரக்கப்பல் எப்படிக் கட்டினார்கள் என்று படிக்க வருபவர்கள், அன்றைய பயிலாளன் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வாய்ச்சி நழுவிக் காலில் படுவது, உளி மழுங்குவது போன்றவற்றை விட்டுவிடுவோம். வலித்தால் அவை தாமாகவே திருந்தும். யாருக்கும் வலிக்காமல் பணத்தையும் கப்பலையும் தின்ற தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

கூட்டிப் பாதியாக்கும் கணக்கு

மரக்கணக்கு போடும் புதியவர்கள் இன்றும் செய்யும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

செதுக்கிய ஓக் கட்டையை லோடு கணக்கில் வாங்கினார்கள். ஒரு லோடு என்பது 50 கன அடி. 30 அடி நீளம், 24 அங்குல அகலம், 12 அங்குல கனம் உள்ள கட்டை ஒன்று முன்னால் கிடக்கிறது. பயிலாளன் 24ஐயும் 12ஐயும் கூட்டிப் பாதியாக்குகிறான்: 18. கட்டையை 18 அங்குலச் சதுரமாக எடுத்துக்கொண்டு 67.5 கன அடி என்று எழுதுகிறான். உண்மையில் இருப்பது 2 அடிக்கு 1 அடி, நீளம் 30 அடி. அதாவது 60 கன அடிதான். இல்லாத ஏழரை கன அடிக்கு அரசர் காசு கொடுக்கிறார். இப்படி 20 கட்டை வாங்கினால் 3 லோடு காற்றில் போகிறது.

கட்டை தட்டையாக ஆக நட்டம் ஏறும். 30க்கு 10 அங்குலக் கட்டையில் இந்தக் கணக்கு, இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். சரிசதுரக் கட்டையில் மட்டும் தவறே தெரியாது. அதனால்தான் சதுரக் கட்டையில் பழகியவன் இதை நம்பிவிடுகிறான்.

இதன் வேர் கயிற்றில் இருக்கிறது. உருண்டை மரத்தை நடுவில் கயிற்றால் சுற்றி, அந்தச் சுற்றளவில் கால்பங்கைச் சதுரத்தின் பக்கமாக எடுப்பது வழக்கம். அப்படிச் செய்தால் மரத்தின் உண்மை அளவில் சுமார் 78 சதவீதம்தான் கணக்கில் வரும். பட்டைக்கும் செதுக்கலில் போகும் சேதாரத்துக்கும் அந்தக் கழிவு ஈடாகிறது. அதே கயிற்றைச் செதுக்கி முடித்த தட்டைக் கட்டையில் சுற்றினால் 72 அங்குலம், கால்பங்கு 18. வாங்குபவனைக் காத்த முறை இப்போது விற்பவனின் பைக்கு வேலை செய்கிறது.

கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் 29 வயதில், 1662 ஜூலையில்தான் பெருக்கல் வாய்ப்பாட்டையே படிக்கத் தொடங்கினார். அடுத்த மாதம் வூலிச்சின் துணைத் தலைமைத் தச்சர் ஆன்டனி டீன் அவரை வால்தம் காட்டுக்கு அழைத்துப் போய், வெட்டிக்கொண்டிருந்த மரங்களை வைத்தே இந்தச் சூதை விளக்கினார். படித்த அதிகாரிக்கே அந்த நிலை என்றால், பயிலாளன் கூட்டிப் பாதியாக்கியதில் வியப்பில்லை.

சரியான வழி சுலபம். அகலத்தைக் கனத்தால் பெருக்குங்கள்: 24 × 12 = 288. அதை 144ஆல் வகுத்தால் 2 சதுர அடி. நீளத்தால் பெருக்கினால் 60. பெருக்கத் தெரியாதவனுக்கும் வழி இருந்தது. எட்மண்ட் கன்ட்டர் 1620களில் வகுத்துத் தந்த எண்கோடு (மடக்கை அளவில் எண்கள் குறித்த கோடு) உள்ள அளவுகோலில், 12க்கும் 24க்கும் இடையே கவராயத்தை வைத்துத் தூரத்தைப் பாதியாக்கினால் முள் 17க்குச் சற்று முன்னால் நிற்கும். அதுதான் உண்மையான சதுரப் பக்கம். 18 அல்ல.

அளவை எப்போதும் கட்டையின் நடுவில் எடுங்கள். அடிமுனையில் எடுத்தால் கூடிவிடும். மூலை மழுங்கிய கட்டையை முழுச் சதுரமாக எழுதுவதும் இதே வகைத் திருட்டுதான்.

வெளிறு

மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதியான வைரத்தை மட்டும் வையுங்கள். வெளிப்புற மென்பகுதியான வெளிறு விரல் அகலம் ஒட்டியிருந்தாலும் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

மர ஆணி

பலகையை வங்கோடு (கப்பலின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டம்) பிணைத்தது பெரும்பாலும் ஓக் மர ஆணிகள்தான். அவற்றுக்கான மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் நார் போகும் போக்கில் பிளக்க வேண்டும். அறுத்தால் குறுக்கே நார் வெட்டுப்பட்டு, சம்மட்டி விழும்போது துளைக்குள்ளேயே முறியும். பச்சை மரத்தில் சீவினால் அடிக்கும்போது கச்சிதமாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கித் தளரும்.

கூலி

சட்டப்படி பயிற்சி 7 ஆண்டு. அந்தச் சட்டம் 1563இல் வந்தது. கையில் காசு புரளும் என்று எண்ண வேண்டாம். பின்னாளில் புகழ்பெற்ற கப்பல் தச்சர் ஃபினியஸ் பெட் 1590இல் டெப்ட்ஃபர்டில் ரிச்சர்ட் சாப்மனிடம் சேர்ந்தபோது ஆண்டுக்கு 46 ஷில்லிங் 8 பென்ஸ்தான். கருவியும் துணியும் அதிலேயே.

சில்லு

வேலையில் மிஞ்சிய துண்டு, அதாவது சில்லு, என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போகவென்று நல்ல கட்டையைத் துண்டாக்காதீர்கள்.

கப்பலின் அடிப்பகுதி

கடற்படைக்கு 30 புதிய கப்பல் கட்ட 1677இல் தொடங்கிய திட்டத்தின் கப்பல்கள் சாத்தத்தில் மிதந்தபடியே அழுகின. 1684இல் பொறுப்புக்குத் திரும்பிய பீப்ஸ், உள்ளே முளைத்திருந்த முஷ்டியளவு காளான்களைத் தன் கையாலேயே பறித்ததாக எழுதினார். பச்சை மரத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுவது இங்கே வழக்கமான தவறு. அவர் சுட்டியது வேறு: அடிப்பகுதியைச் சுத்தம் செய்யவில்லை, மூடிகளைத் திறந்து காற்று விடவில்லை.

இது பயிலாளன் கையில் துடைப்பம் இருக்கும்போதே தொடங்கும் வேலை. வங்குகளின் அடியில் நீர் ஓட விட்ட சிறு துளைகளைச் சீவலும் தூளும் அடைத்தால், நீர் இறைப்பானுக்குப் போகாமல் வங்குகளுக்கு இடையே தேங்கும். உட்பலகையை அடித்து மூடிய பிறகு அங்கே கை போகாது. ஆகவே மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்துவிட வேண்டும்.