போர் விமான ஓவியங்களின் அச்சுப்படி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களின் ஓவியங்கள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிடப்பட்டு, ஓவியரும் சில வேளைகளில் போரில் பறந்த விமானிகளும் கையெழுத்திட்ட படிகளாக விற்பனைக்கு வருகின்றன. வாங்க நினைப்பவர் வண்ணங்களின் அழகில் மனம் பறிகொடுக்கும் முன், படத்திலுள்ள விமானம் தலைப்பு சொல்லும் காலத்தில் பறந்ததுதானா என்று பார்க்க வேண்டும். ஒரு படியின் தகுதியை முடிவு செய்வதில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

எடுத்துக்காட்டாக, 1940 கோடையில் நடந்த பிரிட்டன் வான்போரைக் காட்டும் ஓவியத்தில், பிரிட்டனின் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் புரொப்பெல்லருக்கு நான்கு அலகுகள் (சுழலும் தகடுகள்) இருந்தால் அது பிழை. அப்போது போரிட்டவற்றுக்கு மூன்றே அலகுகள், நான்கு அலகு கொண்டவை 1942-இல்தான் படைக்கு வந்தன. அந்தக் கோடையில் எதிரே வந்த ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களுக்குச் சிறகு நுனி வெட்டியதுபோல் சதுரமாக இருக்கும், வால் சிறகுக்கு அடியில் தாங்குகம்பியும் உண்டு. வளைந்த நுனியும் கம்பியில்லாத வாலும் அடுத்த வகைக்கு உரியவை. சிறகையும் உடலையும் சுற்றிய கருப்பு வெள்ளைப் பட்டைகள், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது தம் விமானங்களைத் தம்மவரே சுடாதிருக்க நேச நாட்டுப் படைகள் பூசியவை; 1940 காட்சியில் அவை இருந்தால் அதுவும் பிழை.

அடுத்தது கையெழுத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், அச்சிட்ட கையெழுத்து சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். பென்சிலால் இட்டது சாய்ந்த ஒளியில் மெல்லப் பளபளக்கும், எழுதிய அழுத்தம் தாளில் பதிந்திருப்பதையும் காணலாம். அந்தப் போரில் பறந்த பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் 1982-இலும் ஜெர்மன் விமானி அடால்ஃப் காலண்ட் 1996-இலும் மறைந்தவர்கள். அதற்குப் பின் அச்சான படியில் அவர்கள் பெயரைக் கண்டால், வேறொரு தாளில் பெற்ற கையெழுத்தை அதனுடன் சேர்த்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது நல்லது.

ஓரத்தில் 125/850 என்றிருந்தால், 850 படிகளில் அது 125-ஆவது என்று பொருள். தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியே தாளுக்கு மை மாறும் ஆப்செட் அச்சில் முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் தரத்தில் வேறுபாடு இராது என்பதால், சிறிய எண்ணுக்காகக் கூடுதல் விலை தருவதை நான் பரிந்துரைப்பதில்லை.

சட்டமிடும்போது படியை அட்டையில் ஒட்டிவிடக் கூடாது. ஒட்டிய படியின் மதிப்பு மீள்வதில்லை. அமிலமற்ற அட்டையில், கோதுமை மாவுச்சத்துப் பசை தடவிய மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளால் மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டு, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி பொருத்தினாலும் நேரடி வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. அந்தக் கண்ணாடி நிறம் மங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, முழுவதும் தடுக்காது.